கொழும்பில் மரக்கறி கீட்டோ: எந்தக் கடை கைகொடுக்கும், எது காலை வாரும்

இறைச்சி, மீன் தொடாமல் கீட்டோ (மாச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) இருப்பவர் விடுமுறைக்குக் கொழும்பு வந்தால் மூன்று விஷயங்கள் நடக்கும். கொழுப்பு கேட்காமலே வந்து சேரும், ஏனென்றால் ஊரே தேங்காயில் சமைக்கிறது. கீரையும் காயும் தாராளமாகக் கிடைக்கும். புரதம் மட்டும் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் தானாக வராது. சோற்றையும் பருப்பையும் விலக்கிவிட்டால் இங்கே ஒரு சைவச் சாப்பாட்டில் மிஞ்சும் புரதம் 10 கிராமைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே காயையும் கொழுப்பையும் சாப்பாட்டுக் கடையில் எடுங்கள், புரதத்தைச் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் இந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டது.

கணக்குக்காக, நாளொன்றுக்கு நிகர மாச்சத்து 20 முதல் 30 கிராம், அதாவது மொத்த மாச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்குப் புரதம் 60 கிராமுக்குக் குறையாமல். பால் பொருட்கள் உண்டு. முட்டை சேர்ப்பவருக்கும் சேர்க்காதவருக்கும் தனித்தனியே சொல்லியிருக்கிறது.

மாசி: முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மரக்கறி என்று எழுதியிருந்தால் மீன் இருக்காது என்று நம்பிவிடுவார்கள். கொழும்பின் பொதுவான சோறு-கறிக் கடைகளில் அந்த நம்பிக்கை பலிக்காது. உலர்த்திய சூரை மீனை இடித்த மாசி, சிங்களத்தில் உம்பலகட, இங்கே பெருங்காயம் போல ஒரு வாசனைப் பொருள். தேங்காய்ச் சம்பல், கட்டச்சம்பல், சீனிச்சம்பல், வல்லாரைச் சம்பல், மல்லுங் என்று சிங்களத்தில் சொல்லும் கீரை வறை, கிரி ஹொதி என்ற சொதி, சில கடைகளில் பருப்பு, போஞ்சிக் கறி எல்லாவற்றிலும் அது விழும். சமைப்பவருக்கு அது மீன் கறியே அல்ல. அதனால் "மரக்கறி மட்டும்தானே?" என்று கேட்டால் மனதாரவே "ஓம்" என்பார். பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு.

கேட்க வேண்டியது மாசியைப் பெயர் சொல்லித்தான். தமிழ் தெரிந்த கடையில் "மாசி போட்டிருக்கா?" போதும். சிங்களக் கடையில் "உம்பலகட தியெனவத?" என்று கேளுங்கள். போடாமல் வேண்டுமென்றால் "உம்பலகட நத்துவ". சோறு வேண்டாம் என்பதற்கு "பத் எப்பா". சீனி இல்லாமல் என்பதற்கு "சீனி நத்துவ". இறைச்சி மீன் சாப்பிடமாட்டேன் என்பதற்கு "மஸ் மாளு கன்னே நே". இவ்வளவையும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டால் காலி வீதியின் எந்தக் கடையிலும் சமாளிக்கலாம்.

மாசி விழாமல் தப்பும் பண்டங்கள் எவை என்பதையும் கவனித்து வைக்கலாம். அந்த நேரத்திலேயே எண்ணெயில் பொரித்துத் தரும் பாகற்காய், வெண்டிக்காய், கறி மிளகாய் ஆகியவை பெரும்பாலும் சுத்தம். தேங்காய்ச் சம்பலை அப்போதே அம்மியிலோ கிறைண்டரிலோ அரைத்துத் தரும் கடையில் மாசி இல்லாமல் அரைத்துத் தரச் சொல்லலாம். காலையிலேயே அரைத்துப் பாத்திரத்தில் வைத்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை. சிறு துகள்கள் தேங்காய்ப்பூவோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது.

சைவக்கடைகள்: முதல் தேர்வு

இந்தத் தொல்லை இல்லாத இடம் சைவக்கடை. கொழும்பில் இவை சில பகுதிகளில் குவிந்திருப்பது பயணிக்கு வசதி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைச் செட்டியார் தெருப் பக்கம் என்று தமிழர் வாழும் பகுதிகளில் நடந்தே போகலாம். பம்பலப்பிட்டி காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ், வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியில் ஷண்முகாஸ் இரண்டும் வெளியூர்க்காரர் பலருக்கும் தெரிந்த பெயர்கள். முதலாவது எளிமையான இலைச் சாப்பாட்டுக் கடை வகை. இரண்டாவது குளிரூட்டிய அறையில் அமர்ந்து தென்னிந்திய, வடஇந்திய மரக்கறிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டு வகைக்கும் கீட்டோக்காரர் நடந்துகொள்ள வேண்டிய முறை வேறு.

இலைச் சாப்பாட்டுக் கடையில் மதியம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே போவது நல்லது. கறிகள் அப்போதுதான் முழுமையாக இருக்கும். 2 மணிக்குப் பிறகு முதலில் தீர்வது வறையும் கீரையும், மிஞ்சுவது பருப்பும் உருளைக்கிழங்கும். இலை போட்டவுடன், பரிமாறுபவர் சோற்று வாளியோடு வருமுன், "அண்ணை, சோறு வேண்டாம், கறி மட்டும் போடுங்கோ, முழுச் சாப்பாட்டுக் காசுதான் தாறன்" என்று சொல்லிவிடுங்கள். கடைசிப் பகுதிதான் முக்கியம். சோற்றுக்கு ஒரு விலை, கறி அதோடு இலவசம் என்பது இந்தக் கடைகளின் கணக்கு. கறி மட்டும் கேட்டால் காசாளருக்கு எப்படிப் பில் போடுவதென்று தெரியாமல் நிற்பார். முழு விலை தருவதாகச் சொன்னதும் வறை இரண்டாம் முறையும் வரும்.

இலையில் எதை எடுப்பது? கோவா (முட்டைக்கோஸ்) வறை, பொன்னாங்காணி அல்லது முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய், புடலங்காய், பாகற்காய்ப் பொரியல், சொதி, ரசம், தயிர், மோர் மிளகாய். இதில் 100 கிராம் கோவா வறை ஏறத்தாழ 5 கிராம் நிகர மாச்சத்து. அதே அளவு கத்தரிக்காய்ப் பால்கறி 6 கிராம். சொதி ஒரு கரண்டி 2 முதல் 3. தயிர் 100 கிராமுக்கு 4 முதல் 5. எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் இலைக்குச் சுமார் 18 முதல் 20 கிராம் வந்துவிடும். நாளுக்கு 20 கிராம் எல்லை வைத்திருப்பவருக்கு அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது. ஆகவே ஒரு நாளில் ஒரே ஒரு சைவக்கடைச் சாப்பாடு, மற்ற நேரம் பனீர், முட்டை, தோஃபு என்று வைத்துக்கொள்ள வேண்டும். கீரையும் காயும்தானே என்று இரண்டு நேரமும் சாப்பிடுபவர்கள்தான் மூன்றாம் நாள் கீட்டோசிஸ் (உடல் கொழுப்பை எரித்து இயங்கும் நிலை) கலைந்துவிட்டதென்று திகைக்கிறார்கள். காரணம் வெங்காயம், தேங்காய்ப்பால், தயிர் மூன்றும் சேர்ந்து சத்தமில்லாமல் ஏற்றும் கணக்கு.

தவிர்க்க வேண்டியவை தெரிந்தவைதான்: பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைக்காய், பூசணி, பலாக்காய், ஈரப்பலாக்காய், அப்பளம். பிஞ்சுப் பலாக்காயான பொலஸ் கறி இறைச்சி போல இருப்பதால் பலர் ஆசைப்படுவார்கள். இரண்டு துண்டோடு நிறுத்தலாம். கத்தரிக்காய் மோஜு ஆபத்து. பொரித்த கத்தரிக்காய் என்பதால் கீட்டோவுக்குப் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் வினாகிரியோடு சீனியும் சேர்த்துத்தான் அதைக் கிளறுவார்கள். அச்சாறும் அதே கதைதான், மலே அச்சாறில் பேரீச்சம்பழமே இருக்கும்.

குழம்பு வழக்கத்துக்கு மாறாகத் தடிப்பாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பாலின் தடிப்பு கரண்டியிலிருந்து வழுக்கி விழும், மேலே எண்ணெய் பிரியும். மா கரைத்த தடிப்பு ஒட்டும், ஆறியதும் ஆடை போல இறுகும்.

இரண்டாவது வகைக் கடைகளில் வடஇந்தியப் பட்டியலுக்கு நேரே போங்கள், பனீர் அங்கேதான் இருக்கிறது. பாலக் பனீரே சிறந்த தேர்வு. கடாய் பனீர் அடுத்தது. பனீர் பட்டர் மசாலாவில் கஜூ (முந்திரி) அரைத்தும் தக்காளியின் புளிப்பை அடக்கச் சீனி போட்டும் செய்வது வழக்கம், ஒரு கிண்ணத்தில் 15 கிராம் எளிதில் ஏறும். பனீர் டிக்காவில் கடலை மா தடவுவார்களா என்று கேளுங்கள், தயிரும் மசாலாவும் மட்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணப் பனீர்க் கறியில் பனீர் 100 கிராமுக்கு மேல் இருப்பது அரிது. அதாவது புரதம் 18 கிராம்தான். "பனீர் டபுள் போடுங்கோ, அதுக்குத் தனியா பில் போடுங்கோ" என்றால் பெரும்பாலான கடைகளில் செய்து தருவார்கள். ரொட்டிக்குப் பதில் ஒரு தட்டு வெட்டிய வெள்ளரிக்காய் கேட்டு அதில் எடுத்துச் சாப்பிடலாம்.

சைவக்கடையில் முட்டை கிடைக்காது. முட்டை சேர்ப்பவர்கள் அதை வேறிடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுப்பர்மார்க்கெட்: புரதம் இங்கேதான்

கீல்ஸ், கார்கில்ஸ் புட் சிட்டி, ஆர்பிகோ, ஸ்பார், குளோமார்க் என்று நகரில் எங்கு தங்கினாலும் பத்து நிமிட நடையில் ஏதாவது ஒன்று இருக்கும். மரக்கறி கீட்டோவுக்கு இவையே கொழும்பின் மிகச் சிறந்த இடம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வந்திறங்கிய அன்றே ஒரு முறை போய்விடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து நகருக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் பயணம், வந்து சேரும்போது பசி உச்சத்தில் இருக்கும், அந்தப் பசிதான் முதல் கொத்து ரொட்டியை வாங்க வைக்கும். விமானத்தில் வரும்போதே ஒரு நேரத்துக்கான சீஸும் வறுத்த நிலக்கடலையும் பையில் இருக்கட்டும்.

பனீர் குளிர்பெட்டியில் பால் பொருட்களோடு இருக்கும். 100 கிராமில் புரதம் சுமார் 18, கொழுப்பு 20, மாச்சத்து 2 முதல் 4. தோஃபு பெரும்பாலும் மரக்கறிப் பகுதியில், காளான் பக்கத்தில். இறுகிய வகையா மென்மையான வகையா என்று அழுத்திப் பாருங்கள், புரதம் 100 கிராமுக்கு 8 முதல் 15 வரை மாறும், லேபலை நம்புங்கள். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம், மாச்சத்து ஒரு கிராமுக்கும் கீழ். ஒரு நாளைக்கு 200 கிராம் பனீர், மூன்று முட்டை, 200 கிராம் தயிர் என்றால் 60 கிராமைத் தாண்டிவிடும். முட்டை வேண்டாதவர் அந்த இடத்தில் 200 கிராம் இறுகிய தோஃபு வைக்கலாம்.

சீஸில் முக்கோணத் துண்டுகளைவிடக் கட்டிச் சீஸ் மேல். பதப்படுத்திய துண்டுகளில் மாப்பொருளும் பால்மாவும் கலந்திருக்கும். கடுமையான சைவர்கள் ரெனெட் (பாலை உறையச் செய்யும் நொதி, கன்றின் வயிற்றிலிருந்தும் எடுப்பார்கள்) எதிலிருந்து என்று லேபலில் பார்க்க வேண்டும். நுண்ணுயிர் ரெனெட் என்று எழுதியிருந்தால் சரி.

தயிரில்தான் கொழும்பு உண்மையிலேயே ஜெயிக்கிறது. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே தடித்த ஆடையோடு, வெறும் உப்புத் தூவிச் சாப்பிடவே போதும். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்தை ஒட்டியிருப்பதால் பசுத் தயிரைவிட இதுவே கீட்டோவுக்கு ஏற்றது. அதோடு தரும் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகைத் தொடக்கூடாது. சட்டியை வாங்கும்போது சரித்துப் பாருங்கள், மேலே மஞ்சள் நீர் தேங்கி நின்றால் பழையது, புளிப்பு ஏறியிருக்கும். ஒரு சட்டி ஒரு லீற்றர் அளவில் வரும், குளிர்பெட்டி இல்லாத அறையென்றால் இரண்டு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

தயிருக்குப் பக்கத்திலேயே கோப்பைகளில் அடுக்கியிருக்கும் யோகட்டை எடுக்க வேண்டாம். இங்கே செட் யோகட் என்றால் இனிப்பானது என்றே பொருள். அதைவிட முக்கியம், பல வகைகளில் இறுகுவதற்கு ஜெலற்றின் சேர்ப்பார்கள், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சீனியை மட்டும் பார்க்கும் கீட்டோக்காரரும் மாசியை மட்டும் தேடும் சைவரும் ஒரே கோப்பையில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சோயா மீற் என்று விற்கும் உலர் துண்டுகள் இலங்கை வீடுகளில் சாதாரணம், மலிவும்கூட. 30 கிராம் உலர் துண்டில் புரதம் 15 கிராம் வரை, நிகர மாச்சத்து 4 முதல் 6. நல்ல கணக்குத்தான். ஆனால் உள்ளே வரும் மசாலாப் பொட்டலத்தைக் குப்பையில் போடுங்கள். உப்பு, சீனி, மாப்பொருள் எல்லாம் அதில்தான். கோழி, இறால், கணவாய் என்று சுவைப் பெயர் போட்ட வகைகளைத் தவிர்த்து, சுவை சேர்க்காததை வாங்குவதே சைவர்க்கு நிம்மதி.

தேங்காய்ப்பால் மா வேண்டாம், பெரும்பாலானவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாப்பொருள் கலந்திருக்கும், பால் புரதமும் இருக்கும். பெட்டியில் வரும் திரவத் தேங்காய்ப்பால் நல்லது. பட்டர் வாங்கும்போது மாஜரின் அல்ல என்று உறுதிசெய்யுங்கள், இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரி உறையில் இருக்கும். கஜூவை நொறுக்குத் தீனியாக்க வேண்டாம், 30 கிராமில் 8 கிராம் நிகர மாச்சத்து. அதே அளவு நிலக்கடலையில் 2 கிராம் சொச்சம், புரதம் 7. எல்லாவற்றையும்விட எளிது தேங்காய்ச் சொட்டு. 50 கிராமில் நிகர மாச்சத்து 3, கொழுப்பு 16. ஆனைக்கொய்யா (அவகாடோ) கிடைக்கும் காலமென்றால் அதைவிட நல்ல பழம் இல்லை. கடையில் ஜூஸாகக் கேட்டால் சீனியோ கட்டிப்பாலோ சேர்த்தே அடிப்பார்கள், பழமாக வாங்கி வெட்டி உப்பும் தேசிக்காயும் பிழிந்து சாப்பிடுங்கள்.

பொதிகளின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைக் காண்பீர்கள். குளிர்பானங்களுக்கு இந்த நிறக் குறியீடு 2016 இல் வந்தது: 100 மில்லிலீற்றருக்குச் சீனி 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. பின்னர் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்று வட்டங்களாக வந்தது. கீட்டோக்காரர் இதை அப்படியே பின்பற்றினால் குழம்புவார். வட்டம் சீனியை மட்டும் எண்ணும், மாப்பொருளை எண்ணாது. அதனால் கோதுமை மா பிஸ்கட் ஒன்று சீனிக்குப் பச்சை வாங்கலாம். மறுபக்கம், உங்களுக்கு வேண்டிய பனீரும் சீஸும் கொழுப்புக்குச் சிவப்பு காட்டும். சீனி வட்டத்தை மட்டும் முதல் சலிப்பாக எடுத்துக்கொண்டு, பின்பக்க அட்டவணையில் மொத்தக் காபோவைதரேற்றைப் படியுங்கள். இந்தியப் பொதிகளில் பழகிய பச்சைப் புள்ளியை எல்லாவற்றிலும் எதிர்பார்க்க வேண்டாம். சேர்மானப் பட்டியலைப் படிப்பதே வழி.

அறையில் ஒரு சொதி

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் நாள் வாடகைக்கு எடுக்கும் பிளட்கள் ஏராளம். கீட்டோவுக்கு ஹோட்டல் அறையைவிட இவை பலமடங்கு மேல், ஒரு அடுப்பும் குளிர்பெட்டியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஊரின் சுவையையும் விடாமல், புரதத்தையும் விடாமல் சாப்பிட இரண்டு பேருக்கு ஒரு பனீர்ச் சொதி:

கப்பிப்பால் (முதற்பாலுக்குப் பின் பிழியும் மெல்லிய தேங்காய்ப்பால்) 200 மில்லிலீற்றரில் நறுக்கிய சின்ன வெங்காயம் 30 கிராம், கீறிய பச்சைமிளகாய் 2, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, உப்பு அரைத் தேக்கரண்டி போட்டு வெங்காயம் வெந்து மணக்கும் வரை கொதிக்க விடுங்கள். பெட்டிப்பால் என்றால் ஒரு பங்குப் பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்தால் அதுவே கப்பிப்பால். 200 கிராம் பனீரைக் கட்டைகளாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டிப் போடுங்கள், வாட்டாமல் போட்டால் உதிரும். பிறகு முதற்பால் 100 மில்லிலீற்றர் ஊற்றி, விளிம்பில் நுரை கட்டியவுடன் அடுப்பை அணையுங்கள். கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாகப் போகும். தேசிக்காய்ப் புளி இறக்கி ஐந்து நிமிடம் கழித்து. சூட்டோடு பிழிந்தாலும் திரியும். ஒருவர் பங்குக்குப் புரதம் 18 கிராம், நிகர மாச்சத்து சுமார் 7. பனீருக்குப் பதில் அவித்த முட்டையும் பொருந்தும், தோஃபு என்றால் முதலில் துணியில் சுற்றி அழுத்தி நீரை எடுத்துவிடுங்கள், இல்லையேல் சொதி நீர்த்துவிடும்.

சோயா மீற்றுக்கு வேறு கை வேண்டும். கொதிநீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அலசிப் பிழியுங்கள். அந்தப் பச்சை வாடை இரண்டாம் பிழிவில்தான் போகும். தேங்காய் எண்ணெய் தாராளமாக விட்டுப் பொரித்தெடுத்துக் கறித்தூளில் பிரட்டினால் அடுத்த நாள் வெளியே எடுத்துச் செல்லவும் ஆகும். இலங்கைக் கறித்தூள் வறுத்து அரைத்தது, கறுப்பாக இருக்கும். அரைத் தேக்கரண்டி போதும், கூடினால் கசக்கும்.

ஹோட்டல் காலை உணவு

பெரிய ஹோட்டல்களில் பிரச்சினை குறைவு. முட்டைப் பொரியல் போடும் இடத்தில் தனிச் சட்டி கேளுங்கள், அதே சட்டியில்தான் சொசேஜும் ஹாமும் வாட்டுவார்கள். முட்டைக் கலவை ஏற்கனவே கலந்து வைத்ததாக இருந்தால் அதைத் தவிர்த்து, கண்முன்னே உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். முட்டை அப்பம் அரிசி மாவு, ஒன்றுக்கே 15 கிராமுக்கு மேல். இலைக்கஞ்சி பச்சையாக இருந்தாலும் அரிசிக் கஞ்சிதான். மதியப் பஃபேயில் இலங்கைக் கறிகளுக்கு முன் நின்று யோசிப்பதைவிடப் பொறுப்பான சமையற்காரரைக் கூப்பிட்டு எதெதில் மாசி என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவார். கருப்பட்டியில் செய்யும் வட்டிலப்பத்தைப் பார்க்காமல் நகருங்கள்.

சீனச் சமையல் பலகை

இரவில் திறந்திருப்பவை பெரும்பாலும் சீன பாணிக் கடைகளும் கொத்துக் கடைகளும். மரக்கறி கீட்டோவுக்கு நகரிலேயே மோசமான இடம் இவைதான். ஹொட் பட்டர் மஷ்ரூம் பெயரில் பட்டரும் காளானும் இருக்கிறது, தட்டில் வருவது சோள மாவிலும் கோதுமை மாவிலும் தோய்த்துப் பொரித்தது. டெவில்ட் எதுவானாலும் தக்காளி சோஸ், சீனி, சோள மா. மரக்கறி சூப் என்பது பெரும்பாலும் கோழி எலும்பு நீரிலோ கோழித் தூளிலோ தொடங்கி, சோள மாவில் முடியும். கங்குன் கீரை வதக்கல் ஒன்றுதான் கைகொடுக்கக்கூடியது. அதிலும் ஒய்ஸ்டர் சோஸ், சிக்கன் பவுடர் இரண்டையும் போட வேண்டாமென்று சொல்லி, உள்ளி, செத்தல் மிளகாய், உப்பு, சிறிது சோயா சோஸ் மட்டும் போடச் சொல்லுங்கள். கூடவே இரண்டு முட்டை உடைத்துக் கலக்கக் கேட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

கொத்துக் கடையில் ஒரு வழி உண்டு. ரொட்டி போடாமல், கோவா, லீக்ஸ், வெங்காயம், பச்சைமிளகாய், மூன்று முட்டை போட்டுத் தட்டில் கொத்தித் தரச் சொல்லலாம். கூட்டமில்லாத நேரத்தில் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆனால் அதே இரும்புத் தட்டில்தான் மாட்டிறைச்சியும் கோழியும் கொத்தப்படுகிறது, மேலே ஊற்றும் குழம்பும் கோழிக் குழம்புதான். கண்டிப்பான சைவர்க்கு இது ஆகாது.

உணவு கொண்டுவந்து தரும் ஊபர் ஈட்ஸும் பிக்மீ புட்டும் நகர் முழுக்க இயங்குகின்றன. சைவக்கடைப் பனீர்க் கறியை வரவழைக்க இரண்டும் நல்லவை. மாசி வேண்டாம், சீனி வேண்டாம் என்ற நுணுக்கங்களைக் குறிப்புப் பெட்டியில் எழுதி விட்டுவிடக் கூடாது. கடைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது கேள்விக்கு இடமே இல்லாத பண்டத்தை மட்டும் எடுங்கள்.

குடிப்பதும் உப்பும்

தேத்தண்ணீர்க் கடையில் "பிளேன் டீ" என்றால் சீனியோடுதான் வரும். பால் தேத்தண்ணீர் பால்மாவிலோ கட்டிப்பாலிலோ போடுவார்கள், சீனி இல்லாமல் கேட்டாலும் கட்டிப்பாலின் இனிப்பு நிற்கும். சீனி போடாத வெறுந்தேத்தண்ணீரே பாதுகாப்பு. அறையில் கோப்பிக்கு ஒரு கரண்டி பட்டரோ கிறீமோ சேர்த்துக்கொள்ளலாம். ரணவரா என்று விற்கும் ஆவாரம்பூத் தேநீரும், பெலிமல் என்ற வில்வப்பூத் தேநீரும் சீனி சேராதவை, கூடக் கடிக்கத் தரும் கருப்பட்டித் துண்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள். செவ்விளநீர் வீதியோரமெங்கும் ஆசை காட்டும். பொட்டாசியம் நிறைந்ததுதான், ஆனால் ஒரு காயில் 15 கிராம் வரை சீனி. நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வெட்டிக் குடியுங்கள்.

கொழும்பின் வெக்கையில் கீட்டோக்காரர் விழுவது பெரும்பாலும் உப்புக் குறைந்துதான். மாச்சத்துக் குறையும்போது இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றும், அதன்மேல் வியர்வை. காலிமுகத்திடலில் மாலை நடந்து வந்ததும் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, தள்ளாட்டம் வந்தால் பசி என்று நினைத்துப் பழம் சாப்பிடாமல், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேசிக்காயும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் குடியுங்கள். அதில் சோடியம் சுமார் 1.2 கிராம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த உப்பை வைத்தியரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் கீட்டோவை அந்த நேரமே விடுங்கள். மருந்துக்கடையில் ஜீவனி என்று கேட்டால் வாய்வழி நீரேற்றப் பொடி தருவார்கள், ஒரு பொதி ஒரு லீற்றர் தண்ணீருக்கு. அதில் குளுக்கோஸ் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். குடலில் சோடியம் உறிஞ்சப்படுவதற்கு அது துணை. சீனி இருக்கிறதென்று பாதிப் பொதி போடுவதோ தண்ணீரைக் கூட்டுவதோ பயனில்லாமல் செய்துவிடும்.

நீரிழிவுக்காக இன்சுலின் போடுபவர்கள், எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் பயணத்துக்கு முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். முதல் பிரிவினருக்கு மாச்சத்தைக் குறைத்ததும் இரத்தச் சீனி திடீரென்று இறங்கலாம். இரண்டாம் பிரிவினருக்கு இரத்தச் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோ அமிலத்தன்மை (இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வரக்கூடும், வாந்தியும் நீரிழப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. இவர்களுக்கு ஓயாத குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்கல் தோன்றினால் மீற்றரில் தெரியும் சீனி அளவை வைத்துச் சமாதானப்படாமல், கீட்டோ உணவில் இருப்பதையும் எடுக்கும் மாத்திரையின் பெயரையும் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.